டெக் இல்லாத வீடு

கோவில்பட்டி
7.2.1999

ரிஜோ அண்ணனுக்கு,

சபிதா எழுதுகிறேன். கிருபாவின் தங்கை. பம்பாய்க்குப் போனவர்களுக்குப் பழைய முகங்கள் மறந்துவிடும் என்பார்கள், அதனால்தான் இந்த அறிமுகம்.

உங்கள் விலாசத்தைச் சோலைமுத்து அண்ணாச்சியிடம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் வீடியோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் உங்கள் விலாசத்தையே பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். "அவன் எங்கன இருக்கான்னு எனக்கே தெரியாதுட்டி" என்று வாரக்கணக்கில் சொன்னார். கடை வாசலில் உட்கார்ந்து நான் அழத் தொடங்கியதும் சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அந்த அழுகை பொய். அவர் பயந்தது நிஜம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் குடோன் எரிந்த அன்று நீங்கள் எடுத்த வீடியோ எங்கே?

முதலாளி வேணுகோபாலிடம் அதை விற்றுவிட்டு, அந்தக் காசில்தான் நீங்கள் ரயில் ஏறினீர்கள் என்று ஊரில் பேச்சு. நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் ஏதும் கொடுக்காமல் போய்விட்டீர்கள்.

ஜூனில் கேஸ் விசாரணைக்கு வருகிறது. லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தால் வயது பத்தாத பிள்ளைகளைக் குடோனுக்குள் தள்ளி, அவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய பிள்ளையையும் கூடவே விட்டு, கதவுக்கு வெளியே சங்கிலி போடுவது அங்கே வழக்கம். வேலைக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். இப்போது கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கிலியே கிடையாதாம். பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாது என்று கிருபாதான் உள்ளே தாழ்ப்பாள் போட்டாளாம், புகை வந்ததும் பதற்றத்தில் அவளுக்கே திறக்க வரவில்லையாம். முதலாளி தரப்பு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறது. செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்?

செத்த பிள்ளைகளின் வீடுகளும் அதைத்தான் நம்புகின்றன. பொன்மணியின் அம்மா வெயிலம்மாள் முதலாளி பக்கம் சாட்சி சொல்கிறாள். "கிருபாக்கா எப்பவும் தாப்பாளு போடுவாம்மான்னு எம் மக சொல்லியிருக்கா" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். போன வாரம் சந்தையில் என் அம்மாவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போவதில்லை. எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

எங்கள் வக்கீலம்மா சொல்வது ஒன்றுதான். வெளியே சங்கிலி கிடந்ததைக் காட்டும் படம் வேண்டும். அது இல்லையென்றால் அதை எடுத்த ஆள் கூண்டில் ஏற வேண்டும். கதவை உடைத்துத் திறந்த ஆட்கள் எல்லோரும் இன்னும் அங்கேயே சம்பளம் வாங்குகிறார்கள், அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

டேப்பா, நீங்களா? எதுவானாலும் பதில் எழுதுங்கள்.

சபிதா


பம்பாய்
20.2.1999

அன்புள்ள தங்கச்சி சபிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போகாமல் ஒரு பகல் முழுக்க அதையே வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு கேபிள் டிவிக்காரரிடம் மாடிக்கு மாடி வயர் இழுக்கிற வேலை. நல்ல மனிதர். அம்மாவை நான் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

நான் விற்கவில்லை. அதை முதலில் நம்பு. யாராலும் விற்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்குப் பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்ததும் கேமராவோடு ஓடினேன். சங்கிலி, பூட்டு, கடப்பாரை எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து முதலாளியின் ஆட்கள் கடைக்கு வந்து கேமராவையும் ஒரிஜினலையும் எடுத்துப் போனார்கள். அதற்குள் நான் இரண்டு வீடியோ டெக்கை இணைத்துக் காப்பி போட்டுவிட்டேன். போலீஸில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. உங்கள் வீட்டைத்தான் முதலில் சோதிப்பார்கள். என் வீடும் அப்படித்தான். ஒரே இடத்தில் இருந்தால் எதையும் ஒரே ஆள் அழித்துவிடலாம். அதனால் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்குமில்லையா?

சும்மா கொடுத்தால் யார் வைத்திருப்பார்கள்? இரக்கத்துக்காக வாங்கி வைக்கிறவன் கொஞ்ச நாளில் மறந்துவிடுவான், லாபம் இருந்தால் மறக்க மாட்டான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். மாதம் ஒருமுறை கேசட்டைக் கடைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் ஒரு புதுப்படக் கேசட் ஒரு வாரத்துக்கு ஓசி. நான் வந்த பிறகும் சோலைமுத்து அதை நிறுத்தவில்லை. வெளியே தெரியாமல் இருக்க எல்லாவற்றிலும் 'பேச்சிமுத்து இல்லத் திருமணம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மேலே எதுவும் பதிவாகாதபடி பின்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிட்டேன். டெக் வைத்திருக்கிற நல்ல குடும்பங்களாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். அவர்களுக்குத்தானே ஓசிப் படத்தின் அருமை தெரியும்?

கழுகுமலையில் பாத்திரக்கடை குருசாமி, கயத்தாறில் தேவஆசீர்வாதம் வாத்தியார், விளாத்திகுளத்தில் மிளகாய் கமிஷன் கடை சீனி. முதலில் இவர்களிடம் போ. மற்ற வீடுகளைச் சோலைமுத்து சொல்வார். ஒரு வீட்டில் கிடைத்தால் போதுமே, இத்தனை வீட்டுக்கு அலைய வேண்டியே இருக்காது.

கூண்டில் ஏறச் சொல்லாதே, சபிதா. என் அப்பா இன்னும் ஊரில்தான் இருக்கிறார், தினமும் அந்த ரோட்டில்தான் சைக்கிளில் போய் வருகிறார். ஆள் வர வேண்டாம், டேப் பேசட்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன்.

அன்புடன்
ரிஜோ


கோவில்பட்டி
14.3.1999

ரிஜோ அண்ணனுக்கு,

உங்கள் நல்ல குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கழுகுமலையில் குருசாமி வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. காப்பி கொடுத்தார்கள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றிய கேசட்டைக் கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்து வந்தார்கள். நீங்கள் ஒட்டிய சீட்டு அழுக்குப் படாமல் இருக்கிறது. டெக்கில் போட்டால் சினிமா ஓடுகிறது. முழுப்படம், இடைவேளை கார்டு முதற்கொண்டு. குருசாமி தலையைக் குனிந்துகொண்டார், அவர் சம்சாரம்தான் பேசினாள். "ஓசிப் படத்த ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்கணும்லா? பிள்ளைக அந்தப் படம் வேணும்னு ஒரே அழுக. வேற கேசட்டு வீட்டுல இல்ல. எங்க தம்பி அவன் டெக்கையும் கொண்டாந்து சேத்து இதுல ஏத்திக் குடுத்தான். மத்த வீடுகள்ல இருக்கும்லா, நம்ம ஒருத்தர்ட்ட இல்லன்னா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சோம்." நீங்கள் உடைத்த பிளாஸ்டிக் துண்டு இருந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினால் மறுபடி பதிவாகும், அவ்வளவுதான் அதற்கு வைத்தியம். உங்களுக்குத் தெரியாதா?

மற்ற வீடுகளில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மாசம் பொறந்தா கடையில பாக்கோம்லா, எல்லாரும் கேசட்டும் கையுமால்லா நிக்காவ" என்றாள்.

கயத்தாறில் தேவஆசீர்வாதம் வாத்தியார் என்னைக் கண்டதும் ஜெபம் செய்தார். பிறகு கேசட்டைப் போட்டார். அவர் பேரனுக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறான், பாதிரியார் தண்ணீர் தெளிக்கிறார். வாத்தியார் அழுதார். அழுதுகொண்டே, "மத்தவிய பத்திரமா வச்சிருப்பாவன்னு நெனச்சேம்மா" என்றார்.

விளாத்திகுளம் சீனி இவர்களைவிட மேல், மழுப்பவில்லை. கேசட் பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே இருந்தது வேறு ஏதோ ஒரு கேசட். "முதலாளி ஆளு வந்து கேட்டாவ, குடுத்துட்டேன். கலர் டிவில்லா குடுத்தாவ. உங்க ரிஜோ குடுக்கது ஓசிப் படந்தானம்மா" என்றார். அந்த டிவியில்தான் அவர் இன்றைக்கும் உங்கள் ஓசிப் படத்தைப் பார்க்கிறார்.

மற்ற வீடுகளும் இதே கதைதான். ஒன்றில் பூப்புனித நீராட்டு விழா, ஒன்றில் கிரிக்கெட் மேட்ச், ஒன்றை எலி தின்றிருக்கிறது. ஆனால் எல்லோரும் மாதம் தவறாமல் கடைக்குப் போய்க் கேசட்டைக் காட்டிப் படம் வாங்கி வருகிறார்கள். சோலைமுத்து அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். "சீட்ட பாத்துத் தரச் சொன்னான், பாத்துத் தாரேன். ஒவ்வொண்ணயும் ஓட்டியா பாக்க முடியும்?" என்று திருப்பிக் கேட்டார். அதுவும் சரிதானே.

பெட்டிக்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள் அண்ணா, உள்ளே இருந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. அழிக்கத் தெரிந்த வீடுகளாகத் தேடிப் பிடித்து, அழிக்கத் தோதாக மாதம் ஒரு படமும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆக டேப் இல்லை. நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

சபிதா


பம்பாய்
27.3.1999

சபிதாவுக்கு,

நானா அழிக்கச் சொன்னேன்? ஊரே சேர்ந்து செய்ததற்கு என் ஒருவனைப் போட்டு அடிக்கிறாய். அன்றைக்கு அங்கே எத்தனையோ பேர் நின்றார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இன்றைக்கு ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாத இடத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கிறேன்.

வருகிற பேச்சை எடுக்காதே. போன மாதம் அப்பாவின் சைக்கிளை யாரோ ரோட்டில் மடக்கி, "மகன் சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அது போதும்.

இன்னும் ஒன்று வெளியே இருக்கிறது. நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வெயிலம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அதுல எம் பிள்ள சத்தம் இருக்காமே, எனக்கு ஒண்ணு தா" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கையில் மிச்சமிருந்ததைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். அவள் வீட்டில் டெக் கிடையாது, டிவி கிடையாது, ஓசிப் படமும் அவளுக்கு வேண்டாம். அதனால் அதை ஒரு காப்பியாகவே நினைக்கவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்றும் அவளிடம் சொல்லவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

அவள் முதலாளி பக்கம் சாட்சி என்பதை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். உன்னை வாசலில் ஏற்றுவாளா என்று தெரியவில்லை.

ரிஜோ


கோவில்பட்டி
25.4.1999

ரிஜோ அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. தாழ்ப்பாள் போட்டவள் என்று என் அக்காவை இத்தனை நாளும் சபித்துக்கொண்டிருக்கிற பெண்ணின் வீட்டில், அது பொய் என்பதற்கான சாட்சி இருக்கிறது. அவள் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வழியில்லை.

போக மனம் வராமல் பல நாள் தள்ளிப்போட்டேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன், போனேன். விளாத்திகுளம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டு வழியே நடக்க வேண்டும். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிய நிலம், காலை வைத்தால் வெடிப்புக்குள் செருப்பு மாட்டிக்கொள்கிறது. அவள் வாசலில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"எதுக்குட்டி வந்த? தாப்பாளு போட்டுக் கொன்னது பத்தாதா?"

வாசலை விட்டு நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். வெயில் தாங்காமல் எனக்குக் கண் இருட்டியது. அவள் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள். குடித்துவிட்டுக் கேட்டேன்.

"ரிஜோ அண்ணன் குடுத்த கேசட்டு இருக்கா?"

அவள் முகம் மாறிவிட்டது. "அது எம் பிள்ள. அதக் கேக்க நீ யாரு?"

"அத ஒரு தடவயாவது போட்டுப் பாத்தியளா?"

"எனக்கு டெக்குக்கு எங்கன போக? லைட்டே கெடையாது எனக்கு."

"ஊருல பஞ்சாயத்து டிவி இருக்குல்லா?"

"அங்கன நாலு பேரு வேடிக்க பாக்க எம் பிள்ள சத்தத்தப் போடச் சொல்லுதியா?"

என் அக்கா தாழ்ப்பாள் போடவில்லை, வெளியே சங்கிலி கிடந்தது, அது அதில் தெரியும் என்று சொன்னேன். அவள் மிளகாய்க் கையோடு என்னை அறைய வந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து வந்து மடியில் வைத்துத் திறந்தாள். உள்ளே மஞ்சள் துணி, துணிக்குள் கேசட், சுற்றிலும் பச்சை வேப்பிலை. பூச்சி அண்டக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைப்பாளாம். ஒரு வெள்ளிக்கூடத் தவறியதில்லையாம். அண்ணா, உங்கள் வீடுகளில் ஒன்றிலாவது ஒரு நாளாவது இப்படிப் பார்த்துக்கொண்டார்களா?

கேசட்டை என்னிடம் தரமாட்டேன் என்றாள், தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். "நீ சொல்லுதது பொய்யா இருந்தா உன் வீட்டு வாசல்லயே கெடந்து சாவேன். கோர்ட்டுலயும் சும்மா விடமாட்டேன்." சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சோலைமுத்து அண்ணாச்சி கடையில் வருகிற மே எட்டாம் தேதி போட்டுப் பார்க்கிறோம். கூடவே இன்னொரு டெக்கையும் இணைத்துக் காப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிருபாவுக்காக இந்த ஒரு நாள் நல்லபடியாக முடிய வேண்டும்.

சபிதா


பம்பாய்
6.5.1999

அன்புள்ள சபிதாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இது உன்னிடம் வருவதற்குள் எட்டாம் தேதி தாண்டிவிடும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். சோலைமுத்து கடையில் போன் இல்லை. பக்கத்துக் கடைக்குப் போட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

பச்சை இலை என்று எழுதியிருந்தாய். அதன் ஈரம் டப்பாவுக்குள்ளேயே நின்றிருக்கும், டேப்பில் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே டெக்கில் தள்ளக் கூடாது. யாராவது விவரம் தெரிந்தவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்த பிறகுதான் போட வேண்டும்.

இன்னொன்று. வெயிலம்மாளை அந்த அறையில் உட்கார வைக்காதே. அவள் மகள் ஒரு நொடியில் போய்விட்டாள், வலியே இல்லை என்று ஆபீஸில் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது அப்படி முடியவில்லை, சபிதா. சாவி முதலாளி கையில் இருந்தது. வண்டியை அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வராமல் போன பிறகுதான் கடப்பாரையை எடுத்தார்கள். அதுவரைக்கும் உள்ளே சத்தம் இருந்தது. அவளுக்கு அது தெரிய வேண்டாம். நீயும் கேட்காதே. சோலைமுத்துவையும் வக்கீலம்மாவையும் மட்டும் பார்க்கச் சொல்.

ரிஜோ


கோவில்பட்டி
16.5.1999

ரிஜோ அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. அதைக் கிழித்துப் போட்டேன், பிறகு ஒட்டி வைத்தேன்.

எட்டாம் தேதி மதியம் சோலைமுத்து அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். வெயிலம்மாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றாள். முதலில் கல்யாண வீடு வந்தது. மைக்செட் பாட்டு, மாப்பிள்ளைக்கு யாரோ விபூதி பூசுகிறார்கள். பிறகு ஓட்டம். படம் குதிக்கிறது, தரை தெரிகிறது, தூரத்தில் புகை தெரிகிறது. குடோன் சுவர் தெரிந்தது. கேமரா கதவுப் பக்கம் திரும்பும்போது படம் மினுங்கத் தொடங்கியது. அப்புறம் வெறும் புள்ளிகள். டிவி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

சத்தம் மட்டும் வந்தது. அது ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

"சாவி எங்கலே?" "முதலாளிட்ட இருக்கு, வண்டி போயிருக்கு." பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அழுகிற சத்தம். அதற்கு மேலே கிருபா. எத்தனையோ நாள் கழித்து அக்காவின் குரல். "அண்ணே, வெளிய சங்கிலி கெடக்கு, எடுத்து விடுங்கண்ணே" என்று கெஞ்சுகிறாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறாள். பிறகு பிள்ளைகளிடம், "எல்லாரும் தரையோட படுங்கட்டி, மூக்கப் பொத்திக்கிடுங்க" என்கிறாள். "பொன்மணி, இங்கன வா, எங்கிட்ட வா" என்கிறாள். பொன்மணி "எம்மா, எம்மா" என்று கூப்பிடுகிறாள்.

சோலைமுத்து அண்ணாச்சி நிறுத்தப் போனார். "நிப்பாட்டாத" என்றாள் வெயிலம்மாள். அவள் அழவில்லை. டிவி பக்கத்தில் நகர்ந்து போய், அந்தப் புள்ளிகள் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கடப்பாரை சத்தம் கேட்கத் தொடங்கியபோது உள்ளே ஒரு குரலும் இல்லை.

படம் திரும்ப வரும் என்று அண்ணாச்சி டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைத்தார். டேப்பைப் பின்னால் சுற்றியபோது உள்ளே ஒட்டிக்கொண்டு சிக்கியது. இழுத்தார், அறுந்து சுருண்டு வந்தது. வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டாவது டெக்கில் ஏறியது புள்ளிகளும் சத்தமும் மட்டுமே.

வெயிலம்மாள் எழுந்து என்னிடம் வந்தாள். "தாப்பாளு இல்லட்டி" என்றாள். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வக்கீலம்மா காப்பியைக் கேட்டார். படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் வைத்து நிற்பது கஷ்டம், எடுத்தவர் வந்து இது நான் எடுத்தது என்று சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். இப்போது கேட்கிறேன் அண்ணா, கடைசி முறையாகக் கேட்கிறேன். வாருங்கள். ஒரு நாள் போதும். அப்பாவை அதற்குள் வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம், நானே கூட்டிப்போய் விடுகிறேன்.

சபிதா


பம்பாய்
1.6.1999

அன்புள்ள சபிதாவுக்கு,

சத்தமாவது தப்பித்ததே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சோலைமுத்துவிடம் சொல்லி உடனே அதை நிறையக் காப்பி போடச் சொல். இந்த முறை டெக் இல்லாத வீடுகளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஓசிப் படம் வேண்டாம், வேறு ஏதாவது ஏற்பாடு யோசிக்கிறேன். மாதாமாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எதையும் தருவது என்று வைக்கலாம்.

நீ கேட்டதற்கு என்னால் ஆகாது. இங்கே லீவு கிடைக்கவில்லை. வேண்டுமானால் நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அது போதுமா என்று வக்கீலம்மாவைக் கேட்டு எழுது. கோபப்படாதே.

ரிஜோ


கோவில்பட்டி
22.8.1999

ரிஜோ அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய நோட்டரி பேப்பரை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் பிடித்து ஆட்டிக் காட்டினார். பேப்பரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே என்றார். சிலர் சிரித்தார்கள்.

வெயிலம்மாள் முதலாளி பக்கத்துச் சாட்சியாகத்தான் கூண்டில் ஏறினாள். ஏறியதும், "தாப்பாளு இல்லய்யா, சங்கிலிதான். நான் முன்ன சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டாள். முதலாளியைப் பார்த்துக் கையை நீட்டி, "அவிய கையிலதான் சாவி இருந்துச்சு" என்றாள். அவ்வளவு பேருக்கு நடுவே அதைச் சொல்ல அவளால் முடிந்தது. முதலாளியின் வக்கீல் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார். சங்கிலியைக் கண்ணால் பார்த்தாயா? இல்லை, கேட்டேன். எதில் கேட்டாய்? டிவியில். டிவியில் என்ன தெரிந்தது? புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை எடுத்தபோது நீ அங்கே இருந்தாயா? இல்லை. இருந்தவர் பம்பாயில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. முதலாளியை விடுதலை செய்துவிட்டார்கள். கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் நீங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கிருபாவின் பெயரும் அதில் இருக்கிறது. வக்கீலம்மா அப்பீல் போகலாம் என்கிறார். போவோம். ஆனால் அந்த வரி இனி அழியாது. தெருவில் யாரும் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

வெயிலம்மாள் மட்டும் வந்தாள். தீர்ப்புக்கு மறுநாள் காலையில் வந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மதியம் அவளே உலை வைத்துச் சோறு பொங்கி அம்மாவுக்குப் போட்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினாள். முன்னெல்லாம் படுத்தால் தூங்கிவிடுவாளாம், இப்போது தூக்கமே இல்லையாம். "ஒரே நொடியில போயிட்டான்னு சொன்னாவட்டி. அத நம்பித்தான் படுத்தேன், எந்திரிச்சேன்" என்றாள். அந்த ஒரு ஆறுதலை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான். என் அக்காவின் பேரைக் காப்பாற்றப் பிடுங்கினேன், பேரும் காப்பாற்றப்படவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பிறகு அவள் உங்களைப் பற்றிக் கேட்டாள். "அம்புட்டு நேரமும் எம் பிள்ள கூப்புட்டுக்கிட்டு கெடந்தாளே, படம் புடிச்ச தம்பி என்னட்டி செஞ்சுக்கிட்டு இருந்தான்?"

அன்றைக்குக் கடையில் கேட்டதில் நான் உங்களுக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே, நம் காதோரத்திலேயே, ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் அந்த டேப்பில் கேட்கிறது. ஓடி வந்து நின்றதும் வாங்குகிற மூச்சு. பிறகு அது மெல்ல மெல்லச் சீராகிறது. கடைசிவரை அது கேமராவை விட்டு ஒரு அடிகூட விலகவில்லை. கிருபா "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபோதும் அங்கேயேதான் இருந்தது. வெயிலம்மாளுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது, மகளின் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

நான் அவளிடம் சொன்னேன். "அவிய கேமராவக் கீழ வச்சிட்டு, கதவ முட்டித் தள்ளத்தான் போனாவ. கை ரெண்டும் வெந்து போச்சு. முடியல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் எப்போதாவது ஊருக்கு வந்தால் அவள் கட்டாயம் உங்களைத் தேடி வருவாள், கேட்பாள். நான் சொன்னதையே நீங்களும் சொல்ல வேண்டும். கையை மட்டும் அவளிடம் காட்டாதீர்கள்.

சபிதா